காப்புத் தொகுதி

ஆதிரைக்கும் அவள் அப்பா பூபதிக்கும் சண்டை போட விஷயம் என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஜீப் பட்டறை வைத்திருந்த பூபதி காலையில் போன் செய்வார். மலைமேல் நீர்க்கொம்பை ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்த ஆதிரை, வார்டுக்குக் கிளம்பிக்கொண்டே எடுப்பாள்.

"சாப்ட்டியா அம்மிணி?"

"ரெண்டு இட்லி சாப்ட்டேன்."

"ரெண்டு இட்லி யாருக்குப் பத்தும்? காக்காய்க்கா?"

அவ்வளவுதான். இட்லியில் தொடங்கி, அவள் கல்யாணம் ஒரே வருஷத்தில் முறிந்தது, அவர் சர்க்கரை மாத்திரையைப் போடாமல் ஒளித்துவைப்பது, தானாக ஓடும் வண்டிகள் நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்பதுவரை போய், யாராவது ஒருவர் படக்கென்று போனை வைப்பதில் முடியும். மறுநாள் காலை மறுபடியும் மணி அடிக்கும். அம்மா போன பிறகு இருபது வருஷமாக இதுதான் நடைமுறை. ஆதிரை அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் பூபதிக்குக் கோபம் வரும். "என்ற புள்ள, என்ற காது. உங்களுக்கு என்ன நோவுது?" என்பார்.

அப்போது நாட்டில், ஒருவர் மேலுள்ள உணர்ச்சியைக் கொஞ்ச காலத்துக்கு மூடிவைக்கும் காப்பு மாத்திரை வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் நீதிபதிகளுக்கும் ராணுவத்துக்கும் என்று சொல்லித்தான் அனுமதித்தார்கள். பிறகு பழக்கமாகிவிட்டது. மாத்திரை போடுவதைக் காப்புக் கட்டுவது என்றார்கள். மகன் ஆடும் மேட்ச்சில் அம்பயராக நிற்பவர் காப்புக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும் அப்பாக்கள் மண்டபத்திலேயே கட்டிக்கொண்டு, பந்தியை ஒழுங்காகக் கவனித்தார்கள். நண்பர் எழுதிய நாவலுக்கு விமர்சனம் எழுத வேண்டியிருந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் ஒரே வருஷத்தில் பல நட்புகள் முறிந்தன. சொந்தக்காரர் உடம்பில் கத்தி வைக்க நேரும் டாக்டர், கட்டாயம் காப்புக் கட்டிக்கொண்டுதான் வைக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

நீர்க்கொம்பை ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரைக்குப் பொறுப்பாளர் பானு. கரிம வேதியியல் படித்தவள், ஆதிரைக்கு நெருங்கிய தோழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடு நேரில் சண்டை போடுவதற்காகக் கூடை நிறைய மாம்பழத்தோடு மலையேறி வந்த பூபதி, வராந்தாவில் உட்கார்ந்து பானுவிடம் கேட்டார்.

"ஏனுங் பானு, இந்தக் காப்புங்கறது என்னதுங்க? நோம்பிக்குக் கோயில்ல கையில கட்டுவாங்களே, அந்தக் காப்புங்களா?"

"பேரு அங்கேருந்து வந்ததுதான் அங்கிள். ஆனா சரக்கு எங்களோடது. ஒரு மூலக்கூறுல வினைபடக்கூடிய இடம் ரெண்டு இருக்குன்னு வைங்க. எனக்கு ஒரு இடத்துல மட்டும்தான் வேலை நடக்கணும். சும்மா விட்டா ரெண்டும் துள்ளும். அதனால வேண்டாத இடத்துல ஒரு மூடி மாட்டிடுவேன். வேலை முடியற வரைக்கும் அது கம்முனு இருக்கும். அந்த மூடிக்குத்தான் காப்புத் தொகுதின்னு பேரு."

"வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கறப்ப கண்ணாடி மேல பேப்பர் ஒட்டறாப்பல."

"அதேதான். மனுசங்க விஷயத்துல என்னன்னா, யாரைப் பத்தின உணர்ச்சியை மூடணுமோ அவங்க முகத்தை நினைச்சுக்கிட்டே மாத்திரையை நாக்கடியில வைக்கணும். அந்த நேரத்துல மூளையில எது முழிச்சுக்கிட்டு இருக்கோ அதுல போய் ஒட்டிக்கும். நல்ல காப்புத் தொகுதிக்கு மூணு லட்சணம் சொல்லுவாங்க. சுலபமா ஏறணும். வேலை முடியற வரைக்கும் நிலைச்சு நிக்கணும். கூப்பிட்டதும் மத்ததுக்குச் சேதாரம் இல்லாம இறங்கணும். அதுக்கு ரெண்டாவது மாத்திரை. அவிழ்ப்பு மாத்திரைம்போம்."

"பேப்பரைப் பிரிக்காமயே வண்டியை ரோட்ல உட்டுட்டா?"

பானு சிரித்தாள். "நிறைய பேரு அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்காங்க அங்கிள். மூடினது ரொம்ப நாள் இருந்தா இறுகிடும். ஒரு மாசத்துக்கு மேல போச்சுன்னா எந்த மாத்திரைக்கும் இறங்காது. நான் போன் பண்ணிக் கூப்பிட்டா, 'இப்பத்தான் மேடம் நிம்மதியா இருக்கேன்'கிறாங்க."

அந்த வருஷம் ஆடி மாதம் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. தானோட்டி வேன்களெல்லாம் பாதை தெரியவில்லை என்று அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. பூபதிக்கு இது போதாதா? தன் பழைய பெட்ரோல் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் பஸ் வராமல் நனைந்துகொண்டு நின்ற ஒரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டார். சந்தனமேரி என்று பெயர். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தேனீக்களைக் கணக்கெடுக்கும் வேலை. மேல் வளைவு ஒன்றில் சில்வர் ஓக் மரமொன்று வேரோடு சாய்ந்து ஜீப்பின் மேல் விழுந்தது. யார் தவறும் இல்லை. மண்சரிவு தாண்டி ஆட்கள் போய் இரண்டு பேரையும் எடுத்து வருவதற்குள் பகல் பாதி போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் ஆதிரைக்குக் கை உதறியது. கீழே கோவைக்குப் பாதை அடைபட்டிருந்தது. மூடுபனியில் ஆம்புலன்ஸ் ட்ரோன் பறக்காது. மலையில் இருந்தது ஓர் ஆபரேஷன் தியேட்டர், ஒரே சர்ஜன்.

பானு ஓடிவந்து மாத்திரையை நீட்டினாள். "வேற வழியில்ல ஆதி. முகத்தை நினைச்சுக்கோ."

ஆதிரைக்கு நினைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முகம் எதிரிலேயே சேறும் ரத்தமுமாகக் கிடந்தது. மாத்திரையை நாக்கடியில் வைத்தாள். புளிய இலைபோல் லேசாகப் புளித்தது. கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. மழை கொட்டும்போது யாரோ ஜன்னல் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. மழை நின்றுவிடவில்லை, சத்தம் மட்டும் வெளியே போய்விட்டது.

பூபதிக்கு நினைவு இருந்தது. "அம்மிணி, ஜீப்பு என்னாச்சு?" என்றார் முதலில். பிறகு, "இடது காலு மரத்துப்போச்சு. பாத்துக்குவியா?"

"பாக்கறேங்க. நீங்க பேசாம படுங்க" என்றாள் ஆதிரை.

பூபதி கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தார். வலியைவிட அந்த 'நீங்க' அவரை அதிகம் திகைக்கவைத்தது போலிருந்தது.

ஆதிரை இரண்டு பேரையும் பரிசோதித்தாள். பூபதிக்கு முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் நசுங்கியிருந்தது. உடனே ஒட்டுப்போட்டுச் சரிசெய்தால் கால் பிழைக்கும். ஏற்கெனவே பல மணி நேரம் போயிருந்தது. இன்னும் தாமதித்தால் பிழைக்காது. சந்தனமேரிக்கு மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

மயக்க மருந்து டாக்டர் சாமுவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தா அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் தாங்கலாம் டாக்டர். அப்பா காலை முதல்ல முடிச்சிட்டு..."

"தாங்கலாம்னா, தாங்காமலும் போகலாம். உயிர் முதல்ல. கால் அப்புறம்." கையுறையை மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

சந்தனமேரி பிழைத்தாள். ஆதிரை பூபதியிடம் வந்தபோது கால் கெண்டைக்கால்வரை சில்லிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாள். அவள் செய்த அறுவைகளிலேயே அதுதான் ஆகச் சுத்தமானது என்று பிற்பாடு சாமுவேல் சொன்னார். சொல்லிவிட்டு ஏனோ அவளை நேராகப் பார்க்காமல் போய்விட்டார்.

பூபதியை டிஸ்சார்ஜ் செய்ததும் ஆதிரை ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துவந்தாள். பட்டறையைக் கொஞ்ச நாள் கூட்டாளி பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடாயிற்று. அவருக்குச் சமைத்தாள், கட்டு மாற்றினாள், ஊன்றுகோலில் நடக்கக் கற்றுக்கொடுத்தாள். அவிழ்ப்பு மாத்திரை மட்டும் போடவில்லை.

"நாளைக்கு ஒரு பெரிய ஆபரேஷன் இருக்கு பானு, முடிச்சிட்டு வரேன்" என்றாள். அடுத்த வாரம் இரண்டு சர்ஜரி இருந்தது. அதற்கடுத்த வாரம் லேசாக ஜலதோஷம். பானு இந்தச் சாக்குகளையெல்லாம் பல பேரிடம் கேட்டவள். ஆனாலும் ஆதிரை சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆதிரைக்கு வாழ்க்கை நன்றாகவே இருந்தது. தூக்கம் வந்தது. கை நடுங்கவில்லை. அப்பாவின் காலை எடுத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு போரின் வருஷம் ஞாபகம் இருப்பதுபோல. அவிழ்த்தால் அது வேறு மாதிரி ஞாபகம் வரும் என்றும் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் ஜலதோஷம் பிடித்தது.

பூபதிக்குத்தான் வீடு பிடிக்கவில்லை. முதல் வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு காரியத்தில் இறங்கினார்.

"இது என்ன காப்பியா, ஜீப் கழுவுன தண்ணியா?"

"வேற போட்டுத் தரேங்க." போட்டுத் தந்தாள்.

"அந்தப் பையன் கூட நீ வாழ்ந்திருக்கோணும். உன்ற வாய்தான் அவனைத் தொரத்திருச்சு." இது பழைய காலத்தில் மூன்று நாள் தாங்கக்கூடிய ஆயுதம்.

"அப்படியும் இருக்கலாங்க" என்றாள் ஆதிரை, வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே.

சர்க்கரை மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தார். கண்டுபிடித்தாள். ஒரு வார்த்தை பேசாமல், மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து டம்ளரில் தண்ணீரும் கொடுத்தாள். பூபதி அதை விழுங்கிவிட்டு, தோற்றுப்போன ஆள்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இருபது வருஷம் எதிரில் நின்று விளையாடியவர் திடீரென்று மட்டையைக் கீழே போட்டுவிட்டு, பந்தைப் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?

ஒரு நாள் சந்தனமேரி ஒரு பாட்டில் தேனோடு பார்க்க வந்தாள். ஆதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் இல்ல டாக்டர்" என்று அழுதாள். பூபதி அவளிடம் அன்பாகப் பேசினார். தேனீக்கள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தார். ஊன்றுகோலைத் தட்டிக் காட்டி, "பாத்தியா, என்ற வண்டிக்குப் புது கியர்" என்று வேடிக்கைகூடச் செய்தார். அவள் போனதும் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?" ஆதிரை கட்டில் ஓரம் வந்து நின்றாள். "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு சொல்லுங்க."

"பதினொண்ணு."

"பத்துக்குள்ளங்க."

ஆதிரை வலி மாத்திரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் பூபதி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பானுவின் அறைக்கே போய்விட்டார். மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங் பானு, அந்த அவிழ்ப்பு மாத்திரையைச் சாம்பார்ல கலக்கிக் குடுத்தர்லாமுங்களா? நான் பாத்துக்கறேன்."

"நான் ஜெயிலுக்குப் போயிடுவேன் அங்கிள். அவளே கேட்டு அவளே போட்டுக்கணும்."

"அவ கேக்கவே மாட்டாளாட்ட இருக்குது. இன்னும் எத்தனை நாள் இருக்குது?"

"ஒரு வாரம் தாங்கும். அதுக்கப்புறம் இறுகிடும்." பானு கொஞ்சம் யோசித்தாள். "அவ பயப்படறதும் நியாயம்தான். மூடிவச்சப்ப வினைபடாம நின்னதெல்லாம் எங்கேயும் போயிடலை. அவிழ்த்த உடனே ஒட்டுமொத்தமா வரும். அன்னிக்கு வாசல்ல உங்களைப் பாத்ததுலேர்ந்து காலை எடுத்தது வரைக்கும், எல்லாம் ஒரே மூச்சுல. சில பேர் விழுந்து புரண்டு அழுதிருக்காங்க."

"அவ தாங்குவா."

"நீங்க தாங்குவீங்களா அங்கிள்?"

பூபதி ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். மகள் அழுவதைப் பார்க்க முடியாத அப்பா என்று பானு நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மழை சற்று விட்டிருந்த பகலில், ஆதிரை வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஆஸ்பத்திரி ஷெட்டில் மீட்புக்காரர்கள் கொண்டுவந்து போட்டிருந்த ஜீப்பைப் பார்க்க, பூபதி யாரிடமும் சொல்லாமல் சரிவில் இறங்கியிருக்கிறார். ஊன்றுகோல் சறுக்கிச் சேற்றில் விழுந்து கிடந்தார். தலையிலிருந்து பாதம்வரை செம்மண்.

ஆதிரை குனிந்தாள். தலையில் அடி இல்லை. கட்டுப் போட்ட இடத்தில் ரத்தக் கசிவு இல்லை. அக்குளில் கை கொடுத்து, புத்தகத்தில் படம் போட்டிருப்பதுபோல், பிசகில்லாமல் தூக்கி நிறுத்தினாள்.

"எலும்பு ஒண்ணும் ஆகலீங்க. மெதுவா வாங்க."

பூபதி நகரவில்லை. முகத்தில் சேறும் கண்ணீரும் கலந்து வழிந்தது.

"திட்டு அம்மிணி."

"என்னங்க?"

"சொல்லாமக் கொள்ளாம ஒத்தக் காலோட சேத்துல இறங்குனேன். கட்டு பிரிஞ்சிருந்தா என்னாயிருக்கும்? திட்டேன். ஒரே ஒரு வார்த்தை திட்டு."

"இதுல திட்டறதுக்கு என்னங்க இருக்கு? உங்களுக்கு வண்டியைப் பாக்கணும்னு இருந்திருக்கு."

அவரைக் குளிக்கவைத்துப் படுக்கவைத்துவிட்டு, ஆதிரை சமையலறையில் போய் நின்றாள். சும்மா, ஒரு பரிசோதனைபோல, பழைய ஆதிரையாக இருந்தால் என்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். வார்த்தைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. 'உனக்கு அறிவிருக்கா?' என்று தொடங்கியிருப்பாள். 'நீ செத்துத் தொலைஞ்சா நான் யார்கூடப் பேசறது?' என்பதில் முடித்திருப்பாள். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்தது. அதை எதற்காக ஒருவர் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவள் டாக்டர். தோலை ஊசியால் குத்தியும் உணர்வில்லை என்று ஒரு நோயாளி சொன்னால், அதை நிம்மதி என்று அவள் எழுதமாட்டாள். சாதம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூடக் கவனிக்காமல் வெகுநேரம் நின்றாள். பிறகு பானுவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குக் காலைல வரேன். ஜலதோஷம் போயிடுச்சு."

மறுநாள் பூபதியும் கூடவே கிளம்பினார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ பெண் பார்க்கப் போவதுபோல் வந்தார். பானு தன் அறைக் கதவைத் தாழிட்டு, இரண்டு பேரையும் எதிரெதிரே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இந்தத் தடவையும் முகத்தைப் பாத்துக்கிட்டே போடு. கசக்கும். கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் எழுந்து ஓடணும்னு தோணும். ஓடாதே."

ஆதிரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வழுக்கை. மீசையில் ஒரு பக்கம் கத்தரிக்கோல் தவறியிருந்தது. சட்டைப் பித்தான் ஒரு துளை மாறிப் போட்டிருந்தார். இத்தனை வயசுக்கு ஒழுங்காகப் பித்தான் போடத் தெரியவில்லையே என்று லேசாக ஓர் எரிச்சல் வந்தது.

அந்த எரிச்சலின் பின்னாலேயே எல்லாம் வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த முகம், 'பாத்துக்குவியா?' என்ற குரல், தொட்டபோது சில்லென்றிருந்த பாதம், சின்ன வயதில் அவளைத் தன்மேல் ஏற்றி நிற்கவைத்து 'ஒண்ணு, ரெண்டு' என்று நடைபழக்கிய அதே பாதம், ரம்பத்தின் சத்தம், 'பத்துக்குள்ளங்க' என்று தானே சொன்னது. ஆதிரை வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, அவருடைய வேட்டியின் காலியான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள்.

"நான் வெட்டிட்டேம்ப்பா. உன் காலை நானே வெட்டிட்டேன்."

மகளின் தலையில் கை வைத்து, பரவாயில்லை என்று சொல்லுவார் என்று பானு எதிர்பார்த்தாள். அவள் பார்த்த அவிழ்ப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருந்தது.

பூபதி அவளை உற்றுப் பார்த்தார். "வந்துட்டியா? நீதானா?"

"நான்தான்ப்பா."

"அப்பச் சரி." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து அவர் பேசியது வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "ஏன்டி என்ற காலை வெட்டுனே? நான் உன்ற அப்பன்டி! எட்டிப் பாத்தியா? என்ற மூஞ்சியைப் பாத்து, 'அப்பா, அந்தப் பொண்ணு செத்துரும், நான் அங்கே போறேன்'னு ஒரு வார்த்தை சொன்னியா? பாக்கறேங்கன்னுட்டுப் போயிட்டே! கிளட்ச் மிதிக்கிற காலுடி அது!"

பானு திகைத்துப்போனாள். "அங்கிள், அவ இப்பத்தான்..."

"நீங்க சித்த சும்மா இருங்க பானு. இத்தனை நாளா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு. யார்கிட்டச் சண்டை போடறது? வீட்டுல ஒரு டாக்டரம்மாதான் இருந்தாங்க. மருவாதியா பேசறாங்க, மாத்திரை குடுக்கறாங்க. அந்தம்மா மேல கோவப்பட முடியுமா? அந்தப் புள்ள தேன் பாட்டலைத் தூக்கிட்டு வருது. அது மேல கோவப்பட முடியுமா? இவ வந்தாத்தானே நான் கோவப்படறதுக்கு ஆகும்!"

சாம்பாரில் கலக்க மாத்திரை கேட்டு வந்தவர் மகளை மீட்க வந்தார் என்று நினைத்திருந்தோமே என்று பானுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மீட்கத்தான் வந்தார், ஆனால் அவளுக்காக இல்லை, தனக்காக. கோபத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு உரிய ஆள் அவருக்கு வேண்டியிருந்தது.

அழுதுகொண்டிருந்த ஆதிரை மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ ஏன் அந்த மழையில ஜீப்பை எடுத்துட்டு வந்தே? ஊர்ல ஒருத்தர் வரலை. வேனே நின்னுபோச்சு. உனக்கு மட்டும் என்ன அவசரம்? யார் உன்னை வரச்சொன்னது?"

"யாரு சொல்லோணும்? என்ற புள்ளையைப் பாக்க வந்தேன்!"

"பாக்க வரலை நீ. முதல் நாள் நான் போனை வச்சுட்டேன்னு, மீதியைப் பேசறதுக்கு வந்தே!"

"ஆமா, வந்தேன்! அதுக்குக் காலை வெட்டுவியா?"

பானு மெதுவாக எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காவலாளி ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல, சிகிச்சை நடக்குது" என்று சொல்லி அனுப்பினாள். உள்ளே நீண்ட நேரம் இரண்டு குரலும் மாறிமாறி ஏறின. சேற்றில் இறங்கியது, சர்க்கரை மாத்திரை, காப்பி, முறிந்த கல்யாணம், எல்லாம் சபைக்கு வந்தன. 'உனக்கு அறிவிருக்கா?' என்பது பல முறை கேட்டது. நடுவில் யாரோ அழுதார்கள். அது ஆதிரை மட்டும் இல்லை.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. ஆதிரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூபதி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீ மாத்திரை போட்டுட்டு ஒரு மாசம் நல்லாத் தூங்குனே" என்றார். "நான் மாத்திரை இல்லாம பச்சையா முழிச்சுக் கெடந்தேன். அந்தப் பொண்ணு பொழைச்சது நல்லதுதான்னு எனக்குத் தெரியாமயா இருக்குது? தெரியும். தினமும் அதைத்தான் சொல்லிக்கிட்டேன். சொல்லச்சொல்லக் காலு வலிச்சுது. இல்லாத காலு."

"இப்பவும் என் மேல கோவமா இருக்கியாப்பா?"

"இருக்குது. பாதி போச்சு. மீதிக்கு நாளாகும்."

ஆதிரை தலையாட்டினாள். பூபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் மறுபடி பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்தைச் சொல்லோணும்" என்றார். "அன்னிக்கு அந்த மாத்திரையைப் போடாம இருந்திருந்தா, யாரை முதல்ல பாத்திருப்பே?"

ஆதிரையின் எத்தனையோ வருஷப் படிப்பு ஒரு பதிலைச் சொன்னது. கை அன்று வாசலில் உதறிய உதறல் வேறு பதிலைச் சொன்னது. எது நிஜம் என்று அவளுக்கே தெரியவில்லை. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஆனால் எதிரே இருந்த முகம் காத்துக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான்ப்பா. உன் காலைத்தான் முதல்ல பாத்திருப்பேன்."

"அந்தப் பொண்ணு?"

"செத்துப்போயிருக்கலாம்."

சந்தனமேரியின் முகம் பூபதியின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தப்பு அம்மிணி. பெரிய தப்பாயிருக்கும். அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான்."

"ஆமாப்பா."

அவர் குனிந்து, வெளியே பானுவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இருந்தாலும் இன்னொருக்கா சொல்லு."